ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி: வகுப்பு நடக்கிறது, வார்டில் எதுவும் மாறவில்லை

தென்றல்சிஸ்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை நடந்து வந்தது இப்படித்தான்: ஆண்டுக்கு ஒரு தடவை எல்லோரையும் கூட்டி உட்கார வைப்பார்கள், ஸ்லைடு போட்டுக் கிருமிகளின் படம் காட்டுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பதிவேடு நிரம்பிவிடும். மறுநாள் வார்டுக்குப் போனால் ஒரே ஈரத்துணி நான்கு கட்டில்களையும் சுற்றி வருகிறது.

பாதிப் பேருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. நிர்வாகம் கொடுப்பது வாரத்தில் அரை மணி நேரம். எதில் தொடங்கலாம், எதை விடலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவார்டு எழுதியது:

சிஸ்டர், முதல் வேலையாக அந்த ஸ்லைடை மூடி வையுங்கள். கிருமியின் பெயர் தெரிந்ததால் யாரும் கட்டில் கம்பியை நன்றாகத் துடைத்துவிடுவதில்லை. நோயாளி இல்லாத ஒரு கட்டிலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர் போதும்.

நான் கையிலிருந்து தொடங்குவேன். "காலையிலிருந்து இந்த நோயாளி எதையெல்லாம் தொட்டிருப்பார்? சிஸ்டர் எதைத் தொட்டிருப்பார்? பார்க்க வந்த சொந்தக்காரர்?" என்று கேட்டு, சின்னச் சின்ன வண்ணக் காகிதங்களைக் கையில் கொடுத்து அந்தந்த இடத்தில் அவர்களையே ஒட்டச் சொல்வேன். பக்கக் கம்பி, அழைப்பு மணிப் பொத்தான், சாப்பாட்டு மேசை, லாக்கர் கைப்பிடி, சலைன் ஸ்டாண்ட், லைட் சுவிட்ச், கழிவறைத் தாழ்ப்பாள், ஃப்ளஷ் கைப்பிடி என்று போகும். சாப்பாட்டு மேசையின் அடிப்பக்க விளிம்பை யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இழுக்கும்போது எல்லோர் விரலும் போவது அங்கேதான்.

கவனித்துப் பாருங்கள், தரையில் யாரும் காகிதம் ஒட்டமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி தரைக்குத்தான் போகிறது. பெரியவர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது பார்ப்பது தரைப் பளபளப்பைத்தானே? இந்த ஒன்றைப் புரிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் வரிசை. சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே, கதவருகே தொடங்கி ஒரே திசையில் அறையைச் சுற்றி. கழிவறை கடைசி. தரை அதற்கும் கடைசி. ஒரே திசையில் சுற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் யாராவது கூப்பிட்டு, போய்விட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட இடம் தெரியும்.

துணியை இரண்டாக மடித்து மறுபடி இரண்டாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்த முகம். எட்டும் முடிந்தால் துணி அழுக்குப் பைக்குப் போக வேண்டும், மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. அடுத்த நோயாளிக்கு வேறு துணி. இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள், செய்து காட்டி, அவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

மாப்பும்பக்கெட்டும் எழுதியது:

சூப்பர்வைசராக இருக்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரிதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஷிஃப்டுக்கு எத்தனை துணி கொடுக்கிறீர்கள்?

முப்பது கட்டில் உள்ள வார்டுக்குப் பத்துத் துணி கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு ஒரு துணி என்று வகுப்பெடுத்தால் கேட்பவர்கள் மனதுக்குள் சிரிப்பார்கள். சில இடங்களில் வெளிப்படையாகவே சிரிப்பார்கள். பயிற்சிக்குப் போவதற்கு முன்பு ஸ்டோர் ரூமுக்குப் போய் வாருங்கள் சிஸ்டர். துணி, மாப் தலை, அளவு ஜாடி, சரியான சைஸ் கிளவுஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சைஸ் கிளவுஸ் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, சின்னக் கை உள்ள பெண்களிடம் ஏன் போடவில்லை என்று கேட்கும் கூத்தும் நடக்கிறது.

இன்னொன்று, நேரம். டிஸ்சார்ஜ் ஆன கட்டிலை முழுசாகச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே ஒரு தடவை செய்து பாருங்கள். பாதி வேலையில் அட்மிஷனில் இருந்து "கட்டில் ரெடியா" என்று போன் வரும். அந்த போனை யார் எடுத்து "இல்லை, இன்னும் ஆகவில்லை" என்று சொல்வது? எங்கள் ஆள் சொன்னால் எடுபடாது.

தென்றல்சிஸ்டர் எழுதியது:

அண்ணா, நல்ல கேள்வி. நாளைக்கே ஸ்டோருக்குப் போய்ப் பார்க்கிறேன்.

தட்டில்வளர்ப்பவன் எழுதியது:

மைக்ரோபயாலஜி லேப் பக்கத்திலிருந்து. நிர்வாகத்திடம் துணியும் ஆளும் கேட்கப் போகும்போது கையில் நாலு எண்கள் இருக்கட்டும்.

காய்ந்த பரப்பில் கிருமி எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதைப் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006-இல் கிராமர் குழு வெளியிட்டது. எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத வகை) உள்ளிட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 7 நாள் முதல் 7 மாதம் வரை. அசினெட்டோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம் வரை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசீலின் வித்துகள் (கிருமி கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை) 5 மாதம். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், அவர் விட்டுப்போனது அறையிலேயே இருக்கும்.

அதே 2006-இல் ஹுவாங் குழு அமெரிக்காவில் ஐசியு அறைகளைப் பார்த்தது. முந்தைய நோயாளிக்கு எம்ஆர்எஸ்ஏ இருந்த அறைக்கு வந்தவர்களில் 3.9 சதவீதம் பேருக்கு அது தொற்றியது, மற்ற அறைகளில் 2.9 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். கட்டில் காலியாவதே இல்லாத ஐசியுவில் ஆண்டு முழுக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துடைத்தார்களா என்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. கார்லிங் குழு 23 மருத்துவமனைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் மையை வைத்துப் பார்த்தது. நோயாளி போன பிறகு செய்யும் முழுச் சுத்தத்தில், துடைக்க வேண்டிய இடங்களில் சராசரியாக 49 சதவீதம்தான் துடைக்கப்பட்டிருந்தது. பாதிக்கும் கீழே. ஆகவே இது உங்கள் ஊழியர்களின் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கே பார்த்தாலும் இதே கதைதான்.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

நான் அந்த வேலையையே செய்கிறவள். மகள் தட்டச்சு செய்து தருகிறாள், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு எப்போதும் பகல் இரண்டு மணிக்கு வைக்கிறார்கள். நாங்கள் இரவு முழுக்க நின்றுவிட்டு, வீட்டில் படுக்காமல் திரும்பி வர வேண்டும். வந்தால் முன்வரிசையில் நாற்காலியும் இருக்காது. முதலில் எங்கள் ஷிஃப்டில் வந்து சொல்லிக் கொடுங்கள் சிஸ்டர்.

ஹைப்போ (குளோரின் பிளீச்) ஊற்றினால் கண் எரிகிறது, மூக்கு அடைக்கிறது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருத்தர் மூடி கணக்கு, இன்னொருத்தர் "வாசனை வரும் வரை ஊற்று" என்கிறார். எது சரி?

பழையவார்டு எழுதியது:

நைட்ஷிஃப்ட் அக்கா, இந்தக் கேள்விக்குத்தான் பயிற்சியில் ஒரு முழு வகுப்பே ஒதுக்க வேண்டும். வாசனைக் கணக்கு வேண்டவே வேண்டாம். கேனில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். கேனில் உள்ள சதவீதத்தை நமக்கு வேண்டிய சதவீதத்தால் வகுத்து, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு ஹைப்போவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பது வந்துவிடும்.

கேன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதாவது 100 மில்லி ஹைப்போ, 900 மில்லி தண்ணீர். பொதுவாகப் பரப்புகளைத் துடைக்க 0.1 சதவீதம் போதும், அதுதான் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்பது. ஒரு பங்குக்கு 49 பங்கு. 5 லிட்டர் கரைசல் வேண்டுமென்றால் 100 மில்லி ஹைப்போ ஊற்றி 5 லிட்டர் கோடு வரை தண்ணீர் நிரப்புங்கள். இரண்டுக்கும் அதே 100 மில்லிதான், தண்ணீர்தான் மாறுகிறது. ஜாடியில் 100-இல் சிவப்பு டேப், பக்கெட்டில் 1 லிட்டரிலும் 5 லிட்டரிலும் ஒவ்வொரு கோடு. படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கேன் மாறி 10 சதவீதம் வந்தால் இந்தக் கணக்கு தப்பாகிவிடும், ஸ்டோரில் அதைச் சொல்லி வையுங்கள்.

கலக்கிய கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். வெளிச்சம் பட்டாலும் வீரியம் போகும். கலக்கும் இடத்தில் காற்றோட்டம் இருக்க வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரில் கலக்காதீர்கள்.

இது உயிர் சம்பந்தப்பட்டது: ஹைப்போவையும் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள எதோடும் சேர்க்கக் கூடாது. தேங்கிய சிறுநீர் மேல் நேராக ஹைப்போ ஊற்றுவதும் ஆபத்துதான், முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுப் பிறகுதான் ஹைப்போ. உங்கள் கண் எரிவதற்குக் காரணம் அளவு அதிகமா, கழிவறையில் இரண்டையும் சேர்த்து ஊற்றுகிறார்களா என்று பாருங்கள்.

தட்டில்வளர்ப்பவன் எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் அழுக்கை எடுக்க வேண்டும், அப்புறம்தான் கிருமிநாசினி. ரத்தம், சளி, மலம் இருந்தால் குளோரின் அவற்றோடு வினை புரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

அதோடு ஈர நேரம். மருந்து பரப்பில் எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும். தெளித்த கையோடு காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் பரப்பு பளபளக்கும், அவ்வளவுதான். பயிற்சியில் மேசையைத் துடைக்கச் சொல்லி போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். ஃபேன் ஓடும் அறையில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதைப் பார்த்தால், துணியை எவ்வளவு நனைக்க வேண்டும் என்று அவர்களுக்கே புரியும்.

டிஃபிசீல் வித்துகளுக்கு ஆல்கஹாலும் வேலை செய்யாது, வழக்கமான குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) கிருமிநாசினியும் வேலை செய்யாது. அந்த அறைக்குக் குளோரின் போன்ற வித்தைக் கொல்லும் மருந்துதான். வெளியே வந்தால் கைக்குச் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். குவாட் பயன்படுத்தும் இடத்தில் பருத்தித் துணியைக் கவனியுங்கள், மருந்தைத் துணியே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கோப்புக்காரர் எழுதியது:

நிர்வாகத் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் பணம் கொடுக்க மாட்டோம் என்பதில்லை. பயிற்சி கொடுத்த ஆளில் பாதி அடுத்த ஆண்டு இருப்பதில்லை, ஒப்பந்தம் மாறினால் எல்லோருமே புதுசு. அந்தப் பணத்தில் புறஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் ஒரு யுவி இயந்திரம் வாங்கினால் அது எங்கேயும் போகாது. ஏன் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை?

தட்டில்வளர்ப்பவன் எழுதியது:

பேசலாம் சார். யுவி ஒளி நேராகப் படும் இடத்தில்தான் வேலை செய்யும். நிழல் விழும் இடத்திலும் அழுக்குப் படிந்த இடத்திலும் பலன் குறைவு. கையால் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் அதை ஓட்ட வேண்டும், ஓடும் நேரத்தில் அறை காலியாக இருக்க வேண்டும். ஆக, ஆளைக் குறைக்கவும் முடியாது, கட்டில் கைக்கு வரும் நேரமும் கூடும்.

ஆளுக்கு எவ்வளவு பலன் என்று பார்க்க வேண்டுமா? ஸ்காட்லாந்தில் ஸ்டெஃபனி டான்சர் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. இரண்டு வார்டுகளுக்குக் கூடுதலாக ஒரே ஒரு துப்புரவாளரை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அவருடைய வேலை, கைபடும் இடங்களைத் துடைப்பது. அந்த இடங்களில் கிருமியின் அளவு 32.5 சதவீதம் குறைந்தது, புதிய எம்ஆர்எஸ்ஏ தொற்றுகள் 26.6 சதவீதம் குறைந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் அவர்கள் வாங்கியது ஓர் ஆளின் நேரத்தை மட்டுமே.

மாப்பும்பக்கெட்டும் எழுதியது:

கோப்புக்காரர் சார், ஆட்கள் ஏன் போகிறார்கள் என்றும் ஒரு கோப்பு திறந்தால் நல்லது. 🙂

பயிற்சி ஆண்டுக்கு ஒரு முறை என்பதே இதனால்தான் சரிப்படாது. சேரும் நாளில், வார்டுக்கு அனுப்புவதற்கு முன்பு அடிப்படை. அப்புறம் ஒரு பழைய ஆளோடு சேர்ந்து வேலை. அந்தப் பழைய ஆள் "இவருக்கு வந்துவிட்டது" என்று சொன்ன பிறகு தனியாக. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பழைய ஆளை இதற்கென்று வைத்து, அவருக்குச் சம்பளத்தில் ஏதாவது சேர்த்துக் கொடுங்கள். சும்மா "நீங்கள்தான் டிரெய்னர்" என்று பேட்ஜ் குத்திவிட்டால் வேலைதான் கூடும்.

தென்றல்சிஸ்டர் எழுதியது:

ஒளிரும் மை பற்றிச் சொன்னீர்களே, எங்களுக்கும் அது சாத்தியமா? அதை வைத்து ஆட்களை மாட்டிவிடுகிறோம் என்று நினைத்துவிட மாட்டார்களா?

பழையவார்டு எழுதியது:

நினைப்பார்கள். எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஜெல், புறஊதா டார்ச், அவ்வளவுதான் செலவு. சுத்தம் செய்வதற்கு முன்பு யாருக்கும் தெரியாமல் சின்னப் புள்ளி வைக்க வேண்டும், முடிந்த பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். துடைத்திருந்தால் புள்ளி இருக்காது.

முதல் தடவை அவர்கள் கையிலேயே டார்ச்சைக் கொடுத்துவிடுங்கள். யார் அறை என்று பெயர் போடாதீர்கள். பெரும்பாலும் விட்டுப்போவது ஒரே இடங்கள்தான்: அழைப்பு மணி, கழிவறைக் கைப்பிடிக் கம்பி, லைட் சுவிட்ச். எல்லோரும் ஒரே இடத்தை விடுகிறார்கள் என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, சொல்லிக்கொடுத்த முறையில் இருக்கிறது. வார்டு வாரியாகச் சதவீதத்தை மட்டும் சுவரில் ஒட்டுங்கள். ஏறினால் அவர்களே வந்து கேட்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் 11 மருத்துவமனைகளில் நடந்த ரீச் ஆய்வும் இப்படித்தான். பயிற்சி, முறை, மருந்து, தணிக்கை, பேச்சுத் தொடர்பு என்று ஐந்தையும் சேர்த்துச் செய்தார்கள். கைபடும் இடங்கள் துடைக்கப்பட்ட அளவு குளியலறையில் 55-இலிருந்து 76 சதவீதத்துக்கும், படுக்கை அறையில் 64-இலிருந்து 86 சதவீதத்துக்கும் ஏறியது. விஆர்இ (வான்கோமைசின் மருந்துக்குக் கட்டுப்படாத என்டரோகாக்கஸ்) தொற்று குறைந்தது. டிஃபிசீலிலும் ஸ்டஃப் ஆரியஸ் ரத்தத் தொற்றிலும் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. இதையும் நிர்வாகத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள், எல்லாம் மறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

துடைத்த பரப்பின் சுத்தத்தை அளக்கும் ஏடிபி கருவியை யாராவது சிபாரிசு செய்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது உயிரோடு இருக்கும் கிருமியை எண்ணுவதில்லை, கரிமப் பொருள் மிச்சத்தைத்தான் காட்டும். ஹைப்போ மிச்சம் இருந்தாலும் அளவு மாறும்.

நைட்ஷிஃப்ட் எழுதியது:

டார்ச் நல்லா இருக்கு சிஸ்டர், அதை எங்களிடம் கொடுத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

ஆனால் ஒன்று. சலைன் பம்ப், மானிட்டர் பொத்தான் இதையெல்லாம் யார் துடைப்பது? நாங்கள் கை வைத்தால் "செட்டிங் மாறிவிடும், தொடாதே" என்று திட்டு விழுகிறது. சிஸ்டர்கள் துடைத்தும் நான் பார்த்ததில்லை. டார்ச் அடித்தால் அங்கேதான் எல்லாப் புள்ளியும் மின்னும், பழி எங்கள் மேல் வரும்.

அப்புறம் ஊசி. குப்பைப் பையைத் தூக்கும்போது காலில் குத்தியது. அழுக்குத் துணிக்குள் சுருட்டி வைத்த ஊசியும் வந்திருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் டெட்டால் போட்டுக் கழுவிவிட்டுப் போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள். எங்களுக்கு வகுப்பெடுப்பது சரி, ஊசியைப் பையில் போடுகிறவர்களுக்கு யார் வகுப்பெடுப்பது?

தென்றல்சிஸ்டர் எழுதியது:

அக்கா, இரண்டுமே எங்கள் பக்கத்து வேலை. ஊசி விஷயத்தை நர்ஸுகள், ஜூனியர் டாக்டர்கள் கூட்டத்தில் நானே எடுக்கிறேன்.

பழையவார்டு எழுதியது:

பம்ப் கேள்விக்கு ஒரே வழி: ஒரு தாளில் படம் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் யார், எப்போது, எந்த மருந்து என்று எழுதி நர்சிங் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு வார்டில் மாட்டுவது. யார் பெயரும் இல்லாத பொருளை யாரும் துடைக்கப் போவதில்லை. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யும் ஆப்பிரிக்கத் தொற்றுக் கட்டுப்பாட்டு வலையமைப்பும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட சுத்தம் பற்றிய கையேடும் பொறுப்புகளைப் பிரித்து எழுதி வைக்கத்தான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சுத்தம் செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கென்றே ஒரு தொகுப்பு போட்டது. அதை அப்படியே மொழிபெயர்த்து வாசிக்காமல் உங்கள் வார்டுக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி குத்தினால்: பிதுக்கக் கூடாது, குத்திய இடத்தை உறிஞ்சக் கூடாது, டெட்டாலும் ஹைப்போவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. எச்ஐவி உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஆனால் ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ஊசி என்றால், அதற்குத் தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். அந்தத் தடுப்பூசி மூன்று தவணை, வழக்கமாக 0, 1, 6 மாதம். நர்ஸுகளுக்குப் போட்டுவிட்டு ஹவுஸ்கீப்பிங்கை விட்டுவிடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரவில் யாரை அழைப்பது என்ற எண்ணைப் பயிற்சியின் முதல் நாளே கொடுங்கள்.

மாப்பும்பக்கெட்டும் எழுதியது:

கிளவுஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. கிளவுஸ் போட்டால் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டு அதே கையோடு லிஃப்ட் பொத்தானை அமுக்குகிறார்கள். டாக்டர்களும்தான், எங்கள் ஆட்கள் மட்டும் இல்லை. ஒரு அறை முடிந்ததும் கழற்று, கையைச் சுத்தம் செய், அடுத்த அறைக்கு வேறு.

கோப்புக்காரர் எழுதியது:

சரி, இவ்வளவையும் வாரத்தில் அரை மணி நேரத்தில் எப்படி முடிப்பது? அதையும் யாராவது சொல்லுங்கள்.

பழையவார்டு எழுதியது:

ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம் சார். முதல் வாரம் கைபடும் இடங்களும் துணி மடிப்பும். இரண்டாவது ஹைப்போ கலக்குவது, எதோடு சேர்க்கக் கூடாது என்பது. மூன்றாவது ஊசியும் கிளவுஸும். நான்காவது வாரம் டார்ச். டிஃபிசீல் அறை, ரத்தம் சிந்தியது எல்லாம் அந்த அறை வரும்போது அங்கேயே நின்று காட்டினால் மனதில் நிற்கும். ஒவ்வொன்றையும் மூன்று ஷிஃப்டிலும் செய்யுங்கள். கையெழுத்துக்குப் பதிலாக, ஒரு கட்டிலை முழுசாகச் சுத்தம் செய்து காட்டச் சொல்லிப் பட்டியலில் டிக் போடுங்கள்.

தென்றல்சிஸ்டர் எழுதியது:

இரவு ஷிஃப்டில் தொடங்குகிறேன். ஸ்டோரையும் பார்த்துவிட்டேன், அளவு ஜாடி ஒன்றுகூட இல்லை, மைக்ரோஃபைபர் துணி மட்டும் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அதை ஹைப்போவில் நனைத்துப் பயன்படுத்தலாமா?

மாப்பும்பக்கெட்டும் எழுதியது:

பெட்டியில் துணி தயாரித்தவர் என்ன போட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள் சிஸ்டர். பல மைக்ரோஃபைபர் துணிகளுக்குக் குளோரின் ஆகாது, இழை சீக்கிரம் கெட்டுவிடும். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவமும் சேர்க்கக் கூடாது, அழுக்கைப் பிடிக்கும் தன்மை போய்விடும். லாண்டரியில் பெட்ஷீட்டோடு சேர்த்துப் போடாமல் தனியாகப் போடச் சொல்லுங்கள்.